கன்சோல் ஆன் ஆகுது, டிவில படம் வரல: போர்ட்டா, ஐசியா, போர்டா, எதை மாத்துறது?

கேம் கன்சோல்ல லைட் எரியுது, ஃபேன் சுத்துது, கண்ட்ரோலரும் கனெக்ட் ஆயிடுது, ஆனா டிவில 'நோ சிக்னல்'னு மட்டும் நிக்குது. இந்த நிலைமைல ஒருத்தர்கிட்ட கேட்டா எச்டிஎம்ஐ போர்ட் (டிவி கேபிள் மாட்டுற இடம்) போயிருக்கும்பாரு, இன்னொருத்தர் ஐசி (படத்தை அந்த போர்ட்டுக்கு அனுப்புற சிப்) போயிருக்கும்பாரு, மூணாவது ஆளு மொத்த மெயின் சர்க்யூட் போர்டையே மாத்திடலாம்பாரு. மூணுமே உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கு, ஆனா மூணுக்கும் வேலை வேற, ரிஸ்க் வேற, முக்கியமா உள்ள இருக்குற உங்க சேவ் ஃபைலோட (கேம்ல எது வரைக்கும் ஆடியிருக்கீங்கன்னு பதிஞ்சு வச்சது) கதி வேற. எதைத் தேர்ந்தெடுக்குறதுன்னு முடிவு பண்ண நான் முதல்ல பாக்கச் சொல்றது அதைத்தான், ஏன்னா மெஷின் இன்னொண்ணு வாங்கிக்கலாம், மாசக்கணக்குல ஆடிச் சேர்த்த சேவ் ஃபைலை எங்கயும் வாங்க முடியாது.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி டிவி என்ன சொல்லுதுன்னு பாருங்க. 'நோ சிக்னல்'னு எழுத்து வருதுன்னா டிவிக்கு எதுவுமே போய்ச் சேரலன்னு அர்த்தம். எழுத்தும் வராம சும்மா கருப்பா நிக்குதுன்னா பெரும்பாலும் சிக்னல் போகுது, டிவியால அதைக் காட்ட முடியல, அதாவது ரெசல்யூஷன் ஒத்துவரல இல்லன்னா எச்டிசிபி (காப்பி அடிக்க விடாம தடுக்குற பூட்டு) பிரச்சினை. இந்த ரெண்டாவது கேஸ்ல கன்சோலைப் பிரிக்கவே தேவை இருக்காது பல சமயம்.

அப்புறம் கேபிளை முதல்ல மாத்துறதா, சேஃப் மோடுக்கு (அடிப்படை செட்டிங்கோட மட்டும் கன்சோல் ஆன் ஆகுற முறை) முதல்ல போறதான்னு ஒரு வாக்குவாதம் எப்பவும் நடக்கும். நான் சொல்றது, ரெண்டுக்கும் முன்னாடி நடுவுல இருக்குற சாமானையெல்லாம் கழட்டுங்க, சவுண்ட்பார், ஏவி ரிசீவர், ஸ்ப்ளிட்டர், கேப்சர் கார்டு எல்லாத்தையும், கன்சோல்லேர்ந்து டிவிக்கு நேரா ஒரே கேபிள் போகட்டும். டிவி, கன்சோல் ரெண்டோட பவர் கார்டையும் பிடுங்கி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போடுங்க, டிவில வேற எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மாத்துங்க, வேற டிவி இருந்தா அதுலயும் பாருங்க, அப்புறம் கேபிள். இதுக்கெல்லாம் பத்து நிமிஷம் போதும்.

ஆனா நிஜமா தகவல் சொல்றது சேஃப் மோடுதான், அதனால அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பிஎஸ் (பிளேஸ்டேஷன்) 4, பிஎஸ் 5 ரெண்டுலயும் கன்சோலை முழுசா ஆஃப் பண்ணிட்டு (ரெஸ்ட் மோடு இல்ல, முழு ஆஃப்) பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, உடனே ஒரு பீப் வரும், சுமார் 7 செகண்டு கழிச்சு ரெண்டாவது பீப் வரும், அப்ப விடணும். கண்ட்ரோலரை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி பிஎஸ் பட்டனை அழுத்துனாதான் மெனு கேக்கும், ஒயர் இல்லாம வேலை செய்யாது. பிஎஸ் 4ல ரெண்டாவது ஆப்ஷன் ரெசல்யூஷன் மாத்துறது, பிஎஸ் 5ல அதே இடத்துல வீடியோ அவுட்புட்னு இருக்கும், அதுக்குள்ள ரெசல்யூஷனும் எச்டிசிபி மோடும் தனித்தனியா மாத்தலாம். டிஸ்க் டிரைவ் இருக்குற எக்ஸ்பாக்ஸ்ல டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு, ஆஃப் பண்ணி, பவர் பட்டனையும் எஜெக்ட் பட்டனையும் சேர்த்து ரெண்டாவது பீப் வர்ற வரைக்கும் பிடிச்சா 640×480ல பூட் ஆகும். ஸ்விட்ச்ல இந்த வேலையே வேண்டாம், அதுக்குத்தான் சொந்த ஸ்க்ரீன் இருக்கே, கையில படம் வந்து டிவில வரலன்னா முதல் சந்தேகம் டாக் (ஸ்விட்சை டிவியோட இணைக்கிற ஸ்டாண்டு) மேலயும் சார்ஜர் மேலயும். முதல் ஸ்விட்சோட ஒரிஜினல் சார்ஜர் 15 வோல்ட் 2.6 ஆம்ப் குடுக்கும், அந்த 15 வோல்ட் குடுக்காத போன் சார்ஜரை டாக்ல மாட்டுனா பேட்டரி ஏறுனாலும் டிவிக்குப் படம் போகாது. ஸ்விட்ச் லைட் வச்சிருக்கவங்க தேடவே வேண்டாம், அது டிவில ஓடுற மாடலே கிடையாது.

சேஃப் மோடுல படம் வந்துட்டா நிம்மதியா மூச்சு விடுங்க, போர்ட்டும் ஐசியும் குறைஞ்சபட்சம் உயிரோட இருக்கு. அப்ப கேபிளும் செட்டிங்கும்தான் எதிரி. பிஎஸ் 5 எச்டிஎம்ஐ வழியா 32 ஜிபிபிஎஸ் வரைக்கும் தள்ளும், பழைய எச்டிஎம்ஐ 2.0 காலத்துக் கேபிள் 18க்குத்தான் செஞ்சது, அதனால 4கே 120 ஹெர்ட்ஸ்னு போகும்போது படம் கருப்பாகி கருப்பாகி வருதுன்னா அல்ட்ரா ஹை ஸ்பீடுன்னு போட்ட கேபிள் மாத்துங்க, கூடவே வந்த கேபிளே அதுதான். பிஎஸ் 5 செட்டிங்ல 4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்னு ஒண்ணு இருக்கு, அதை ஆட்டோமேட்டிக்லேர்ந்து -1 இல்ல -2க்கு இறக்கிப் பாத்தா பிரச்சினை கேபிள் வழியிலயான்னு அங்கயே தெரிஞ்சிடும்.

சேஃப் மோடுலயும் படம் இல்லன்னா, அடுத்து நான் செய்யச் சொல்றதைப் பலபேர் யோசிக்கவே மாட்டாங்க: ரிமோட் ப்ளே, அதாவது கன்சோல் படத்தை நெட் வழியா வேற ஸ்க்ரீன்ல பாத்து ஆடுறது. முன்னாடியே அந்த செட்டிங் ஆன்ல இருந்து கன்சோல் நெட்ல இருந்தா, போன்லயோ கம்ப்யூட்டர்லயோ ஆப்பைத் திறந்து கனெக்ட் பண்ணுங்க. அதுல படம் வந்துட்டா மெயின் சிப், மெமரி, ஸ்டோரேஜ் எல்லாம் நல்லா இருக்கு, கடைசியா வெளிய வர்ற அந்தச் சின்ன வழிலதான் அடைப்புன்னு அர்த்தம். போர்டை மாத்தணும்னு யாராவது சொன்னா தைரியமா மறுக்கலாம். அதைவிடப் பெரிய லாபம், பிஎஸ் ப்ளஸ் சந்தா இருந்தா அந்த ரிமோட் ப்ளே வழியாவே சேவ் ஃபைல்களை க்ளவுடுக்கு ஏத்திடலாம், பிஎஸ் 4னா பென் டிரைவ்லயும் காப்பி பண்ணிக்கலாம், எக்ஸ்பாக்ஸ் நெட்ல இருந்தா தானாவே ஏத்திக்கும். வேற எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் இதைச் செஞ்சிடுங்க, தயவுசெஞ்சு.

பிஎஸ் 4ல இன்னொரு அடையாளம், லைட் நீலமாவே துடிச்சுக்கிட்டு வெள்ளைக்கு மாறாம அணைஞ்சிடுதுன்னா அது வேற வியாதி, அதுக்கு பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க், மெயின் சிப்னு தனி விசாரணை வேணும். இங்க பேசுறது லைட் வெள்ளையா நின்னு படம் மட்டும் வராத கேஸ்.

இனி நிஜமான போட்டி, போர்ட்டா ஐசியா. எச்டிஎம்ஐ போர்ட்ல 19 பின், அதுங்க போர்டோட மேல்பரப்புல ஒட்டுன மாதிரிதான் சோல்டர் ஆகியிருக்கும், போர்டுக்குள்ள இறங்கிப் பலமா பிடிக்கிறது வெளிக்கூட்டோட கால்கள்தான். கேபிளை யாராவது சைடுல இழுத்தாலோ, தலைகீழா அழுத்தி மாட்டினாலோ, கேபிள் மாட்டியிருக்கும்போதே கன்சோல் விழுந்தாலோ அடி வாங்குறது இந்த இடம். டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, நடுவுல இருக்குற நாக்கு உடைஞ்சிருக்கா, பின் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கான்னு. கேபிளை லேசா அசைச்சா படம் வந்து வந்து போகுதுன்னா கிட்டத்தட்ட முடிவே பண்ணிடலாம், போர்ட்தான்.

ஐசி அப்படி இல்ல. பிஎஸ் 4லயும் 5லயும் மெயின் சிப்புலேர்ந்து வர்ற படத்தை எச்டிஎம்ஐயா மாத்தி போர்ட்டுக்கு அனுப்புற பானசோனிக் சிப் ஒண்ணு இருக்கு, முதல் பிஎஸ் 4ல எம்என் 86471ஏ, ஸ்லிம்லயும் ப்ரோலயும் எம்என் 864729, பிஎஸ் 5ல எம்என் 864739. எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரிஸ் எக்ஸ்ல அந்த இடத்துல ரீடைமர்னு சொல்ற சின்ன சிப், சிக்னலை சுத்தம் பண்ணி வெளிய தள்ளும். இதுங்களுக்கு எமன் மின்னல், ஸ்டாடிக், டிவியும் கன்சோலும் ஓடிட்டு இருக்கும்போதே கேபிளைப் பிடுங்கி மாட்டுறது. போர்ட் பாக்க புதுசு மாதிரி இருக்கும், அசைச்சாலும் மாற்றம் இருக்காது, மின்னல் வெட்டுன ராத்திரிக்கு மறுநாள்லேர்ந்து படம் இல்ல, இப்படி வந்தா சந்தேகம் ஐசி மேல போகணும்.

ரெண்டுக்கும் நடுவுல தீர்ப்பு சொல்றது மல்டிமீட்டர். பவர் கார்டைப் பிடுங்கிட்டு, டயோட் மோடுல வச்சு, போர்ட்டோட டேட்டா லைன்களை கிரவுண்டோட அளந்து பாக்கணும், மொத்தம் நாலு ஜோடி, எட்டு லைன், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒரு லைன் மட்டும் ஓப்பன்னு (தொடர்பே இல்லன்னு) காட்டுனா சோல்டர் விட்டிருக்கு, இல்ல போர்ட்டுக்கும் ஐசிக்கும் நடுவுல இருக்குற குட்டி ஃபில்டர் போயிருக்கு. கிரவுண்டோட ஷார்ட் காட்டி, போர்ட்லயும் எந்தப் பின்னும் ஒட்டாம இருந்தா, பெரும்பாலும் ஐசி. அந்த ஃபில்டர் விஷயத்தைத் தனியா சொல்லியே ஆகணும், கடுகு சைஸ்ல இருக்கும், போர்ட் மாத்துறவர் ஹாட் ஏர் அடிக்கும்போது இது நகர்ந்தோ பறந்தோ போயிடும், அப்புறம் 'போர்ட் மாத்தியும் வரல, ஐசியும் மாத்தணும்'னு கதை நீளும். ஏற்கனவே ஒரு தடவை போர்ட் மாத்துன கன்சோல்னா முதல்ல பாக்க வேண்டியது இதுங்களைத்தான்.

வேலைன்னு பாத்தா எது கஷ்டம்? ஐசி மாத்துறது கஷ்டம்னு எல்லாரும் நினைப்பாங்க, கால்கள் மெல்லிசு, நெருக்கம், மைக்ரோஸ்கோப் இல்லாம கை வைக்கவே கூடாது, அது சரிதான். ஆனா போர்ட் எளிசுன்னு நினைக்கிறது தப்பு. கூட்டோட கால்கள் கிரவுண்டுல இருக்கு, அந்த கிரவுண்டு போர்டு முழுக்கப் பரந்த செம்பு, அடிக்கிற சூட்டையெல்லாம் அது குடிச்சிடும், சோல்டர் உருகறதுக்குள்ள பொறுமை போய் இழுத்தா பேடு (போர்டுல சோல்டர் ஒட்டுற செம்புத் துண்டு) கையோட வந்துடும், அப்புறம் முடி மாதிரி ஒயர் வச்சு ஒட்டு போடணும். பிஎஸ் 5ல இன்னொரு ஆபத்து, மெயின் சிப் மேல இருக்குறது சூட்டைக் கடத்துற சாதா பேஸ்ட் இல்ல, திரவ உலோகம், அது கரண்டைக் கடத்தும், ஹீட்சிங்கை எடுக்கும்போது சிந்துனா ஷார்ட். அதனால பிஎஸ் 5னா அதை ஏற்கனவே பிரிச்சுப் பழக்கம் இருக்குற கையைத் தேடுங்க, போன் ரிப்பேர் நல்லா பண்றாருங்கிறது மட்டும் போதாது. சேவ் ஃபைலைப் பொறுத்தவரை இந்த ரெண்டு வழியும் பாதுகாப்பானது, ஸ்டோரேஜைத் தொடவே தொடாது.

போர்டு மாத்துறது அப்படி இல்ல, அதான் நான் அதைக் கடைசில வைக்கிறேன். பிஎஸ் 4 ஹார்ட் டிஸ்க் அந்த போர்டோட சாவியால பூட்டுனது, வேற போர்டுல மாட்டுனா ஃபார்மேட் பண்ணச் சொல்லும். பிஎஸ் 5ல ஸ்டோரேஜே போர்டுலதான் சோல்டர் ஆகியிருக்கு, போர்டு போனா எல்லாம் போச்சு. டிரைவ் உள்ளயே பொருத்தியிருக்குற மாடல்கள்ல டிஸ்க் டிரைவும் போர்டோட ஜோடி சேர்ந்தது, பழைய டிரைவைப் புது போர்டுல மாட்டுனா கேம் டிஸ்க் ஓடாது. மெயின் சிப்பே செத்துடுச்சுன்னு உறுதியானா மட்டும்தான் இது, வெறும் படம் வரலங்கிறதுக்கு இது ரொம்ப அதிகம்.

சூடு காட்டி சரி பண்றேன்னு வர்றவங்களை வாசல்லயே அனுப்பிடுங்க. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துல துண்டைச் சுத்தி சூடாக்குறது பரவுச்சு, மூணு சிவப்பு லைட் எரிஞ்சு படுத்துக்குற அந்தக் கோளாறுக்கு மைக்ரோசாஃப்டே 2007ல வாரண்டியை 3 வருஷமா நீட்டுச்சு, 2009ல இ74 எர்ரரையும் அதுல சேத்துச்சு. சூடு காட்டுன மெஷின் சில நாள் ஓடும், திரும்பப் படுத்துக்கும், இந்தத் தடவை நல்லா இருந்த பார்ட்டையும் கூட்டிட்டுப் போகும்.

வாரண்டி மிச்சம் இருந்தா பிரிக்காதீங்க, கம்பெனிக்கே அனுப்புங்க, ஆனா திரும்பி வர்றது உங்க மெஷினாவே இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, வேற மெஷின் குடுக்கலாம், இல்ல உள்ள இருக்குறதையெல்லாம் அழிச்சுட்டுக் குடுக்கலாம். ரிமோட் ப்ளே வழி திறந்திருந்தா அனுப்பறதுக்கு முன்னாடியே சேவ் ஃபைலை ஏத்திடுங்க. அதுவும் ஓடல, க்ளவுடுலயும் எதுவும் இல்ல, உள்ள இருக்குற சேவ் உங்களுக்கு உசுருன்னா, வாரண்டியை விட்டுட்டு வெளிய போர்ட்டோ ஐசியோ மாத்துறது நியாயமான முடிவுதான், அதை யாரும் முட்டாள்தனம்னு சொல்ல விடாதீங்க.

வெளிய குடுத்து வாங்குறப்ப, படம் வந்துடுச்சுன்னு சொன்ன உடனே எடுத்துட்டு வந்துடாதீங்க. சோல்டர் அரைகுறையா இருந்தாலும் 1080ல படம் வந்துடும், ஸ்பீடு ஏறும்போதுதான் காட்டிக் குடுக்கும், அதுவும் எச்டிஎம்ஐ 2.1 ஸ்பீடுல க்ளாக் ஜோடியையும் சேர்த்து நாலு ஜோடியும் டேட்டா தூக்குது. அதனால உங்க வீட்டு டிவி எந்த ரெசல்யூஷன்ல ஓடுமோ, 4கே 120னா 4கே 120லயே, எச்டிஆர் ஆன் பண்ணி, அங்கயே ஒரு அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு, நடுவுல கேபிளை லேசா அசைச்சும் பாத்துட்டு அப்புறமா வாங்குங்க.