15 மீட்டர் பாலத்துக்கு எந்த எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்? தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளை வைத்து ஒரு மதிப்பீடு

பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கம் ஓடைகளுக்குக் குறுக்கே உள்ள பாலங்களில் பல சின்ன ஸ்பான்தான், அதாவது தாங்கும் தூண்களுக்கு இடையே தூரம் குறைவு. 15 மீட்டர் டெக் ஸ்லாப் (வண்டி ஓடும் கான்கிரீட் தளம்), 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 7 மி.மீ. அசையும். கான்கிரீட் காயும்போது சுருங்குவதையும் சேர்த்தால் இன்னும் சில மி.மீ. இந்த அசைவுக்காகத் தளத்தின் முனையில் விடும் இடைவெளியை மூடுவதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். கீழே சொல்லும் மூன்று வகையும் இந்த அளவைத் தாங்கிவிடும். ஆகவே, மேலே என்ன வண்டி ஓடுகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பஸ்ஸும் டிராக்டரும் போகும் கிராமச் சாலைக்கு அஸ்பால்டிக் பிளக் (இடைவெளியின்மேல் தாரும் ஜல்லியும் நிரப்பும் வகை) போதும். அசைவு 25 மி.மீ. வரை தாங்கும், சத்தம் இல்லை, போட்ட அன்றே வண்டி விடலாம். 500 மி.மீ. அகலம், 75 முதல் 100 மி.மீ. ஆழத்துக்குத் தார் அடுக்கை வெட்டி, சூடான காற்றடித்துத் தூசியும் ஈரமும் போக்க வேண்டும். இடைவெளிக்குள் ஃபோம் கயிறு, அதன்மேல் இரும்புத் தகடு, பிறகு சூடேற்றிய ஜல்லியும் பாலிமர் கலந்த தாரும் அடுக்கடுக்காக. தாரின் சூடு 180 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். பாய்லரில் தெர்மாமீட்டர் இல்லாத ஆட்களிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் பாலிமர் கெட்டு, மார்கழிக் குளிரில் வெடிப்பு விடும். ஈரத்தோடு ஊற்றினால் ஓரம் பிரிந்துவிடும்.

தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் இது வேண்டாம். பிரேக் பிடிக்கும் லாரி, வெயிலில் இளகிய தாரை முன்னே தள்ளிவிடும். கிரானைட் கல் ஏற்றி மெதுவாகப் போகும் கிருஷ்ணகிரி லாரிகளும் அதில் பள்ளம் போடும்.

அந்தச் சாலைகளுக்கு ஸ்ட்ரிப் சீல், அதாவது இரண்டு இரும்பு விளிம்புகளுக்கு நடுவே ரப்பர் பட்டை மாட்டும் வகை. செலவு கூடுதல்தான், ஆனால் எங்கள் மதிப்பில் கொடுக்கலாம். ரப்பர் கிழிந்தால் கான்கிரீட்டை உடைக்காமலே மாற்ற முடியும். இது கெட்டுப்போகும் இடங்களில் பெரும்பாலும் தப்பு ரப்பரில் இருக்காது, இரும்பு விளிம்பைச் சுற்றிய கான்கிரீட்டில் இருக்கும். போக்குவரத்தைச் சீக்கிரம் திறக்கும் அவசரத்தில் நீராற்றலை (கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடும் நாட்களை) குறைக்கிறார்கள். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் விளிம்புக்கு அடியில் எட்டுவதில்லை. அடியில் பொந்து விழுந்தால் ஒவ்வொரு சக்கரமும் விளிம்பைத் தட்டித் தட்டி, அதைக் கான்கிரீட்டில் பிடித்து வைக்கும் நங்கூரக் கம்பியை அறுத்துவிடும். அந்தக் கம்பிகள் டெக் கம்பியோடு வெல்டிங் ஆகியிருக்கின்றனவா என்று கான்கிரீட் போடுமுன் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கம்ப்ரஷன் சீல் (இடைவெளிக்குள் அழுத்திச் செருகும் ரப்பர்) 40 மி.மீ. வரை தாங்கும், விலையும் குறைவு. ஆனால் கான்கிரீட் ஓரம் சிதைந்தால் பிடிமானம் போய் ரப்பர் கீழே நழுவும். லாரிச் சாலைக்கு ஆகாது.

ஸ்ட்ரிப் சீல் வாங்கும்போது ரப்பர் பாலத்தின் முழு அகலத்துக்கும் ஒட்டுப் போடாத ஒரே துண்டாக வரவேண்டும், கெர்ப் (சாலையோரத் திட்டு) ஓரத்தில் மேலே மடங்கவேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஒட்டு இருந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் பியர் (தூண்) தலைக்கு இறங்கி, அங்கே தளத்தைத் தாங்கும் பேரிங்கைத் துருவாக்கும். மறுபடி தார் போடும்போது ஜாயின்ட்டை மூடவிடாதீர்கள். பள்ளத்தில் சேரும் மண்ணையும் ஜல்லியையும் ஐப்பசி மழைக்கு முன்பே வாரிவிட வேண்டும். சிக்கிய கல்லைச் சக்கரம் அழுத்தினால் ரப்பர் ஓட்டையாகும்.