கட்டளைக்குக் கட்டுப்படாத பணிப்பட்டியல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் கிள்ளானில் புதிதாகக் கணக்கியல் அலுவலகம் திறக்கவிருக்கும் நண்பர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளுக்குச் சந்தா கட்டலாமா என்று சென்ற வாரம் கேட்டார். வேறொரு வாரத்தில் கேட்டிருந்தால் சற்று அமைதியாகப் பதில் சொல்லியிருப்பேன். மடிக்கணினியின் சேமிப்பு வட்டு பழுதாகி, புதியதைப் பொருத்தி, அஞ்சல் கணக்கை முதலிலிருந்து சேர்த்த மூன்றாம் நாளில் அவருடைய அழைப்பு வந்தது.

அஞ்சலிலும் நாட்காட்டியிலும் எனக்குக் குறையில்லை. என் கோபமெல்லாம் பணிப்பட்டியலின் மேல்தான். அதில் இரண்டு பட்டியல்கள் உண்டு. நாமே எழுதி இறுதி நாள் குறித்த பணிகளை மட்டும் வைத்திருப்பது ஒன்று. அவற்றோடு, பிறகு கவனிக்கலாம் என்று நாம் கொடியிட்டு வைத்த மின்னஞ்சல்களையெல்லாம் அள்ளி வந்து ஒன்றாகக் கொட்டுவது மற்றொன்று. காலையில் மென்பொருளைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு 4ஐ அழுத்தினால் வந்து நிற்பது இந்த இரண்டாவதுதான். முதலாவதே திறக்கட்டும் என்று சொல்வதற்கு அமைப்புகளில் ஒரு தேர்வுப் பெட்டிகூடக் கிடையாது. எழுத்துருவின் நிறம் வரை மாற்ற இடம் கொடுத்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்பதை ஆறு ஆண்டுகளாக யோசிக்கிறேன்.

சம்பளக் கணக்கு பார்ப்பவர்களுக்கு இது சிறு விஷயமில்லை. ஊழியர் சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ, மாதாந்திர வரிப் பிடித்தம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் இருபது பேர் என்றால் அந்த வாரத்தில் அறுபது பணிகள் பட்டியலில் நிற்கும். மின்னஞ்சலின் ஓரத்தில் உள்ள கொடியை ஒருமுறை தட்டினாலோ, நாம் வேறுவிதமாக மாற்றி வைக்காதவரை, 'இன்றே முடிக்க வேண்டியது' என்று மென்பொருள் அதற்கு நாள் குறித்துவிடுகிறது. மறுநாள் காலை அது தவணை கடந்த பணியாகச் சிவந்து நிற்கிறது. பிறகு படிக்கலாம் என்று நான் கொடியிட்ட ஒரு வாடிக்கையாளரின் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு அழைப்பு, இபிஎஃப் பணிகளுக்கு மேலே இரண்டு வாரம் சிவந்துகொண்டிருந்தது. கண்டபடி கொடி நடும் பழக்கம் என்னுடையது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மென்பொருள் தொடங்கும்போது எந்த அடைவு முதலில் திறக்க வேண்டும் என்பதை மேம்பட்ட அமைப்புகளில் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே முதலாவது பட்டியலான பணிகள் அடைவை வைத்துப் பார்த்தேன். நினைத்தது நடந்தது, ஆனால் அஞ்சல்பெட்டி கண்ணில் படாததால் காலை எட்டரைக்கு வந்த கடிதங்களை நான் பத்து மணிக்குப் பார்த்தேன். ஒரே வாரத்தில் அதைக் கைவிட்டேன்.

உண்மையான மருந்து வடிகட்டியில் இருந்தது. பிடிவாதமாகத் திறக்கும் அந்த இரண்டாவது பட்டியலின் காட்சி அமைப்புக்குள் சென்று, மேம்பட்ட வடிகட்டியில் உருப்படி எந்த வகை என்பதைக் காட்டும் மெசேஜ் கிளாஸ் என்ற புலத்தைத் தேர்ந்து, அதில் ஐபிஎம், ஒரு புள்ளி, டாஸ்க் என்று ஆங்கில எழுத்துகளில் இட்டால், கொடியிட்ட அஞ்சல்கள் அனைத்தும் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அஞ்சல்பெட்டியில் அவை கொடியோடு அப்படியே இருக்கும். கதவை மாற்ற முடியாவிட்டால் கதவுக்குப் பின்னால் இருக்கும் அறையை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்பது போன்ற ஏற்பாடு இது. இறுதி நாள்வாரியாகத் தொகுத்து, வாடிக்கையாளருக்கு ஒரு நிறம் என்று வகைப்படுத்தி வைத்த அந்தக் காட்சியை நான்காண்டுகளாக ஒவ்வொரு காலையும் மகிழ்ச்சியோடு பார்த்து வந்தேன். இவ்வளவு நுணுக்கமாக வளைந்துகொடுக்கும் பணிப்பட்டியலை நான் வேறெங்கும் பயன்படுத்தியதில்லை.

வட்டு மாற்றியதில் அது போய்விட்டது. அஞ்சல்கள் திரும்பின, தொடர்பு முகவரிகள் திரும்பின, காட்சி மட்டும் திரும்பவில்லை. எந்தப் புலம், எந்த நிபந்தனை என்று நினைவுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று தேதி 13.

நண்பருக்குக் கிடைக்கப்போவது புதிய பதிப்பு என்பதால் அதையும் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். கொடியிட்ட அஞ்சல்களுக்கு அதில் தனிப் பட்டியலே கொடுத்துவிட்டார்கள். நான் ஆறு ஆண்டுகளாகக் கேட்டது இதுதான். ஆனால் 'என் நாள்' என்று ஒரு பகுதி வைத்து, நாம் அதில் அடுக்கியதை ஒவ்வொரு நள்ளிரவிலும் காலி செய்துவிடுகிறார்கள். பணிகள் அழிவதில்லை, தத்தம் பட்டியல்களில் பத்திரமாகவே இருக்கின்றன. இருந்தாலும் என் மேசையை இரவில் யாரோ துடைத்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டேன்.

ஆகவே, வாங்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதி அனுப்பினேன். அன்று மாலையே எங்கள் அலுவலகத்தின் ஐந்து கணக்குகளுக்கும் மேலும் ஓராண்டுச் சந்தாவைக் கட்டினேன். வடிகட்டி நிபந்தனையைத் துண்டுத்தாளில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.