லக்வார்ம் வாங்க நல்ல கடை

யார்க்‌ஷயர் கரையில் காட் மீனுக்குத் தூண்டில் போடும் நம்மாட்களுக்கு: துறைமுகச் சந்தில் இருக்கும் இரைக்கடையில் லக்வார்ம், அதாவது கடற்கரை மணலில் வாழும் இரைப்புழு, தரமாகக் கிடைக்கிறது. உயிரோடு, செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்கள். உடம்பின் நடுவே 13 ஜோடிச் செவுள் குஞ்சங்கள். செக்கச்செவேலென்று இருந்தால் புதுசு. கொக்கியில் கோர்த்தால் விரலெல்லாம் புழுவின் ரத்தம். அதில் சிவப்பணு கிடையாது, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அப்படியே கரைந்து ஓடுகிறது. அதன் ஒரு மூலக்கூறு 156 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வரை சுமக்கும். நம்முடையது வெறும் 4! பிரான்சின் ஹெமரினா நிறுவனம் தானமாக வரும் சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் திரவத்தில் இதைத்தான் சேர்க்கிறது. நாம் என்னடாவென்றால் மீனுக்குப் போடுகிறோம். விலை கொஞ்சம் கடிக்கும். சனிக்கிழமை மதியத்துக்குமேல் போனால் துவண்ட புழுதான் மிஞ்சும், காலையிலேயே போய்விடுங்கள்.