எந்தக் கவிதை நாவலை முதலில் எடுப்பது?

ஹட்டனில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கவிதைகளாலேயே கதை சொல்லும் இரண்டு ஆங்கில நாவல்களைக் காட்டி, எது முதலில் என்று கேட்கிறார்கள்: கரேன் ஹெஸ்ஸின் 'அவுட் ஆஃப் த டஸ்ட்', குவாமே அலெக்சாண்டரின் 'த குரொஸ்ஓவர்'.

விருது: இரண்டுக்குமே அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம். ஹெஸ்ஸுக்கு 1998, அலெக்சாண்டருக்கு 2015.

மொழி: ஹெஸ் எளிய சொற்களில், தணிந்த குரலில் எழுதுகிறார். அலெக்சாண்டரின் வரிகள் ராப் தாளத்தில் துள்ளும். கூடைப்பந்துச் சொற்கள் தெரியாவிட்டால் கொஞ்சம் தடுக்கும்.

கதை: இங்கேதான் என் மனம் ஒரு பக்கம் சாய்கிறது. ஹெஸ்ஸின் கதையில் 1930களின் ஒக்லஹோமா, அமெரிக்காவின் ஒரு மாநிலம். புழுதிப் புயல் பயிரை அழிக்கிறது. பியானோ வாசிக்கும் பில்லி ஜோவின் கைகள் மண்ணெண்ணெய்த் தீயில் வெந்துபோகின்றன, அம்மாவும் இறந்துவிடுகிறார். மழையையும் மண்ணையும் நம்பி, கொழுந்து பறிக்கும் கைகளால் வாழும் லயத்து வீடுகளில் இந்தத் துயரத்துக்கு விளக்கவுரை வேண்டாம். மற்றதில் இரட்டைச் சகோதரர்கள், அப்பா, ஆட்டம். அங்கேயும் ஓர் இழப்பு உண்டு. அதை இப்போதே சொல்ல மாட்டேன்.

மைதானத்தை விட்டு வராத தம்பிக்கு 'குரொஸ்ஓவர்' சரி, சத்தமாக வாசிக்கட்டும். கவிதை எழுதிப் பார்க்கும் தங்கச்சிக்கு ஹெஸ். அதுவும் ஒரு நாளைக்கு நாலைந்து கவிதை போதும், அவ்வளவு கனம்.