கீசர் சுடவில்லை: பாகத்தை மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

கீசரில் தண்ணீர் சுடவில்லை என்றதும் பலர் புதியதை விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்விட்ச், எம்.சி.பி. எல்லாம் சரியாக இருந்தால் பழுது பெரும்பாலும் எலிமென்ட் (தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி), தெர்மோஸ்டாட் (குறித்த சூட்டில் மின்சாரத்தை நிறுத்துவது), கட்-அவுட் (சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) என்ற மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். மூன்றுமே கழற்றி மாட்டக்கூடியவை. டேங்க் நன்றாக இருக்கும்போது கீசரையே தூக்கிப் போடுவது வீண் செலவு.

எலிமென்டா, தெர்மோஸ்டாட்டா? இதை ஊகத்தில் முடிவு செய்யவே கூடாது. மெயினை அணைத்து, டெர்மினலில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகு எலிமென்டின் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். 230 வோல்ட், 2000 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். 3000 வாட் என்றால் 17, 18. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. டெர்மினலுக்கும் எலிமென்டின் மேலுறைக்கும் நடுவே மின்தொடர்பு காட்டினால் எர்த்தில் கசிகிறது; போட்டவுடன் டிரிப் ஆவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டிலும் எலிமென்டை மாற்றத்தான் வேண்டும்.

எலிமென்ட் சரியாக இருந்தால் அடுத்து கட்-அவுட். அதிலுள்ள சிறிய பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்று சத்தம் கேட்டு, தண்ணீரும் சுட ஆரம்பிக்கலாம். அதோடு சரி என்று விட்டுவிடாதீர்கள். கட்-அவுட் திரும்பவும் துண்டித்துக்கொண்டால், தெர்மோஸ்டாட் குறித்த சூட்டில் நிறுத்தாமல் விடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சிலர் கட்-அவுட்டையே வயர் போட்டு இணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதித்து, அழுத்தம் ஏறி, டேங்கே வெடிக்கலாம்.

வேலை என்று பார்த்தால் தெர்மோஸ்டாட் எளிது. பல மாடல்களில் தண்ணீரை வடிக்காமலே உருவி மாற்றலாம். எலிமென்டுக்கு டேங்கை வடித்து, கேஸ்கெட்டையும் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையம்) புதிதாகப் போட வேண்டும். பிறகு சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராகக் கொட்டும்வரை டேங்கை நிரப்பாமல் ஸ்விட்சைப் போட்டால் புது எலிமென்டும் கருகிவிடும். உப்புத் தண்ணீர் என்றால் செம்பு உறையைவிட இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகம்) உறை நான் பரிந்துரைப்பது. உப்பு படிந்து எலிமென்ட் அளவுக்கு மீறிச் சூடானாலும் அது கூடுதலாகத் தாங்கும்.

புதிய கீசர் எப்போது? டேங்கே ஒழுகும்போது. இணைப்புகளிலோ கேஸ்கெட்டிலோ இல்லாமல் உடம்பிலிருந்தே சொட்டினால் எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை. சுடுதண்ணீர்க் குழாயில் மட்டும் துருநிறம் வந்தாலும் டேங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒழுகல் இல்லை, எலிமென்டை மாற்றினால் போதும் என்றால், கழற்றிய கையோடு ஆனோடு கம்பியையும் பார்த்துவிடுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பது அதுதான். மெலிந்து நடுக்கம்பி தெரிந்தால், அதையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.