துவக்கு: முழுத் தடையா, கடும் அனுமதியா?

1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மக்கள் கையெழுத்துத் திரட்டி வற்புறுத்தியதில் பிரிட்டன் தனியாரின் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. அதே ஆண்டு போர்ட் ஆர்தரில் 35 பேர் பலியானதும் ஆஸ்திரேலியா அரைத் தானியங்கித் துவக்குகளைத் தடுத்தது. சுமார் 6,50,000 துவக்குகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. விவசாயி போலத் தக்க காரணம் காட்டுபவருக்கு மட்டும் அனுமதி.

இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரைக்கு ஆஸ்திரேலியாவின் வழிதான் சரி என்பேன். கதிர் வெளிவருமுன், குடலைப் பருவ நெல்வயலில் இரவு யானை இறங்கினால், பரணில் இருப்பவருக்கு டோர்ச்சும் யானை வெடியும் சில வேளை போதாது. அவருடைய அனுமதித் துவக்கில் கைவைக்குமுன், பன்றிக்கென்று பொறியாகக் கட்டி மனிதர் காலைச் சிதைக்கிற கட்டுத்துவக்கை ஒழிக்க வேண்டும்.

ஆனால் மட்டக்களப்பு நகருக்குள், வீட்டு அலுமாரியில் துவக்கு எதற்கு? அங்கே முழுத் தடையே வேண்டும்.