கோடையில் கால்வாயோர நடை: லண்டனா, பாத்தா, பிங்லியா?

இங்கிலாந்தின் கால்வாய்க் கரைகளில் நடக்கக் கட்டணம் கிடையாது, ஏற்ற இறக்கமும் அநேகமாகக் கிடையாது. படகை இழுத்த குதிரைகளுக்காக அமைத்த பாதை என்பதால் தண்ணீரின் மட்டத்திலேயே போகும். ‘லாக்’ வரும் இடங்களில் மட்டும் சற்று ஏறும். லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டி. படகை உள்ளே விட்டு, நீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். படகின் வேக வரம்பு மணிக்கு 4 மைல்தான். ஆர அமர நடப்பவரும் ஏறக்குறைய படகுக்கு இணையாகவே போய்விடலாம்.

எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி. கோடைக்கு என்று மூன்று பாதைகள் அடிக்கடி சிபாரிசு செய்யப்படுகின்றன: லண்டனின் ரீஜென்ட்ஸ் கால்வாய், பாத் நகரிலிருந்து பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் வரையிலான கென்னட்–ஏவன் கால்வாய், யார்க்‌ஷரில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் சால்டேர்–பிங்லி பகுதி.

லண்டனை முதலில் சொல்லக் காரணம், அதை முதலில் கழித்துவிட முடியும் என்பதே. 1820-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இக்கால்வாயில் எல்லோரும் நடப்பது லிட்டில் வெனிஸிலிருந்து கேம்டன் வரை, நிதானமாக ஒரு மணி நேரம். வழியில் மாளிகைத் தோட்டங்கள், மிருகக்காட்சிசாலை, ஒரு வெடிவிபத்துப் பாலம். 1874-இல் வெடிமருந்து ஏற்றிவந்த படகு வெடித்து மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம் தகர்ந்தது, மூவர் இறந்தனர். மீண்டும் கட்டியபோது பழைய இரும்புத் தூண்களையே பக்கம் மாற்றித் திருப்பி நட்டார்கள். அதனால் குதிரைக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களைத் தூணின் இரு பக்கமும் பார்க்கலாம். இந்தத் தூண்களுக்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் ஜூலை மாத ஞாயிறு மதியம் வேண்டாம். குறுகிய பாதையில் பின்னாலிருந்து சைக்கிள் மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒதுங்கி ஒதுங்கியே நடை கழியும். கேம்டனில் சந்தைக் கூட்டம் வேறு. இருவர் பேசிக்கொண்டு நடக்க வேண்டுமானால் அதிகாலையில் போங்கள். கோடையில் நான்கே முக்காலுக்கெல்லாம் விடிந்துவிடுகிறது, சாக்குச் சொல்ல முடியாது.

மற்ற இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

கென்னட்–ஏவன் பாதை சுமார் 15 கிலோமீட்டர், முழுநாள் வேலை. பாத் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஆற்றைத் தாண்டினால் உடனே லாக்குகள் வரிசையாக ஏறுகின்றன. அதோடு சிரமம் முடிந்தது. பிராட்ஃபோர்ட் வரை வேறு லாக்கே இல்லை. ஜான் ரென்னி என்ற பொறியாளர் பள்ளத்தாக்கின் சரிவை ஒட்டியே கால்வாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோய், இரண்டு இடங்களில் ஆற்றுக்கு மேலே தூக்கிக் கடத்தியிருக்கிறார். டண்டாஸ் பாலத்தின் மீது நின்றால் காலடியில் கால்வாய், அதற்கும் கீழே ஏவன் ஆறும் ரயில் தண்டவாளமும். மேலே தண்ணீர் போக, கீழேயும் தண்ணீர் போவதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் மனம் பழக மறுக்கிறது. 1810-இல் திறந்த கால்வாயை ரயில் கம்பெனி வாங்கி நலியவிட்டது. இந்தப் பகுதி பல ஆண்டுகள் வறண்டே கிடந்தது. தன்னார்வலர்களின் நெடிய உழைப்புக்குப் பிறகு 1990-இல்தான் முழுக் கால்வாயும் மீண்டும் திறந்தது.

நிழலும் இங்கேதான் அதிகம். மரங்கள் பல இடங்களில் பாதையின் மேல் கவிந்திருக்கின்றன. கரையோரம் நம் ஊர்ச் செந்தட்டியைப் போலச் சுரீரென்று அரிக்கும் ஒரு செடி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். அரைக்கால் சட்டைக்காரர்கள் கவனிக்க. ஆகஸ்ட் பிற்பகுதியில் அதே ஓரத்தில் பிளாக்பெரி பழுத்திருக்கும், பறித்துத் தின்னத் தடையில்லை. கால் வலித்தால் ஏவன்கிளிஃபில் நிறுத்திக்கொள்ளலாம். அங்கே பஸ்ஸுக்குக் காட்டுவது போல ரயிலுக்குக் கை காட்ட வேண்டும்.

குறை என்றால், கரையோரம் வீட்டுப் படகுகள் மிக நெருக்கமாகக் கட்டிக் கிடப்பது. தண்ணீரைவிடத் துவைத்த துணியும் விறகுக் கட்டும் கண்ணில் படும் நீளங்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும்; அமைதி தேடுவோர் முகம் சுளிக்கலாம்.

சால்டேர்–பிங்லி நடை சுமார் 5 கிலோமீட்டர்தான். டைட்டஸ் சால்ட் 1853-இல் திறந்த பெரும் கம்பளி ஆலையும், தொழிலாளர்களுக்கு அவர் கட்டிய ஊரும் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கரையில் இறங்கி, மரங்களுக்கு நடுவே நடந்து பிங்லியை அடைந்தால் ஐந்து லாக்குகள் ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. ஒரு தொட்டியின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. படகு 18 மீட்டர் ஏற வேண்டும். வரிசை பிசகினால் தண்ணீர் வழிந்துவிடும் என்பதால் லாக் காவலர் உடனிருந்து நடத்துவார். 1774-இல் திறந்த நாளில் 30,000 பேர் திரண்டதாகச் சொல்வார்கள். பொறியியல் வேடிக்கையில் பாத் இதற்கு ஈடாகாது.

ஆனால் கோடையில்தான் இதன் பலவீனமும் வெளிப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் வற்றி இக்கால்வாயின் லாக்குகளை மூடிவிடுகிறார்கள். 2010-லும் 2025-லும் அதுதான் நடந்தது. நடப்பவரை யாரும் தடுக்கப்போவதில்லை. என்றாலும் படகு ஏறாத ஐந்தடுக்கு லாக் வெறும் கல்கட்டடம்தான்.

என் ஓட்டு பாத்துக்கு. வழக்கமான கோடையில், பிள்ளைகளோடு, அரை நாள் மட்டுமே கையில் இருந்தால் பிங்லி. எப்படியானாலும் சால்டேரில் தொடங்கி மேல்நோக்கி நடங்கள். பிங்லியில் தொடங்கினால் பார்க்க வேண்டியதை முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்து முடித்திருப்பீர்கள். திரும்புவதற்குப் பிங்லியிலேயே ரயில் இருக்கிறது, அடுத்த நிறுத்தமே சால்டேர்தான்.